தரையில் விழுகிற பாதி

வண்ணக் கண்ணாடி வேலை செய்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: போட்டோ இருக்கா? போனில் நிறைய இருக்கிறது. காட்டினால் கண் விரியப் பார்ப்பார்கள். கறுத்த அறை, நடுவில் ஜன்னல், அதில் நீலமும் சிவப்பும் தகதகவென்று நிற்கும். ஆனால் அது ஜன்னல் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கேமராவைச் சரிசெய்து எடுத்த படம். அதனால்தான் அறை இருண்டு, கண்ணாடி மட்டும் தெரிகிறது. அதே பேனலை ஒரு வீட்டில் மாட்டி, பகல் பதினோரு மணிக்கு, வெளியே வெயில் கொளுத்தும்போது எதிரே நின்று பாருங்கள். கண் கூசும், வெளிர் நிறமெல்லாம் வெளுத்துப்போகும், அடர் நிறம் மட்டும் தப்பிக்கும். "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்று வீட்டுக்காரர்கள் தயங்கிச் சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது பாதி வேலையைத்தான். மீதிப் பாதி அவர்கள் காலடியில் கிடக்கும்.

கண்ணாடி வேலையின் மறுபாதி தரையிலும் சுவரிலும் விழுகிறது, நம் ஊரில் அதுதான் பெரிய பாதி என்பது என் கட்சி. இதைச் சொன்னால் யாரும் லேசில் ஒத்துக்கொள்வதில்லை. எனக்குச் சட்டம் செய்து தரும் ஆசாரி அண்ணனே சிரிப்பார். "ஏம்மா, வீட்டுக்கு வர்றவங்க ஜன்னலப் பாப்பாங்களா, தரையப் பாப்பாங்களா?" என்பார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வெயில் வருகிற கோணம்

இந்தக் கலையை நமக்குச் சொல்லித்தருகிற புத்தகங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருபவை. அவற்றில் மூத்த உதாரணமாக எப்போதும் நிற்பது பிரான்சின் ஷார்த்ர் தேவாலயம். 1194இல் தீப்பிடித்து எரிந்த பிறகு திரும்பக் கட்டியது. இன்று அங்கே இருக்கும் கண்ணாடிகளில் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தது. அந்த ஊர் பூமத்திய ரேகையிலிருந்து 48 டிகிரி வடக்கே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நடுப்பகலில்கூட அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 18 டிகிரிதான் ஏறும். அதுவும் மேகம் விட்டால்தான். மேகம் மூடிய வானத்திலிருந்து வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி வரும். அந்த வெளிச்சத்தில் கண்ணாடி ஒளிரும், தரையில் ஒன்றும் விழாது. அப்படிப்பட்ட ஊரில் ஜன்னலை நிமிர்ந்து பார்ப்பதுதான் ஞாயம். அந்த மரபு முழுக்கக் கண்ணாடியையே பார்க்கப் பழகியதில் ஆச்சரியம் இல்லை.

நான் இருப்பது மதுரையில், பத்து டிகிரிக்குப் பக்கத்தில். இங்கே சித்திரை முதல் வாரத்திலும் ஆவணியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்கிறது. மார்கழியில், மிகத் தாழ்ந்திருக்கும் நாளிலேயே, நடுப்பகலில் 56 டிகிரி உயரம். ஆனி மாதத்தில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து 76 டிகிரி. தெற்குச் சுவரில் ஒரு மீட்டர் உயர ஜன்னல் வைத்தால், மார்கழி நடுப்பகலில் அதன் வெளிச்சம் அறைக்குள் முக்கால் மீட்டர் நீளத்துக்குக்கூட விரியாது. ஷார்த்ரில் அதே ஜன்னல் மூன்று மீட்டர் நீளத்துக்கு விரிக்கும். இது போதாதென்று நாம் ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேட் வேறு போடுகிறோம். உச்சி வெயிலும் மழைச் சாரலும் உள்ளே வரக் கூடாது என்பதற்காகவே போடுவது. அது தன் வேலையைச் செம்மையாகச் செய்கிறது, ஆனால் கண்ணாடிக்கு வர வேண்டிய வெயிலையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது.

அதனால் நம் ஊரில் தெற்கு ஜன்னலும் வடக்கு ஜன்னலும் எனக்கு இரண்டாம் பட்சம். கிழக்கும் மேற்கும்தான் வேண்டும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை, சாயங்காலம் நாலிலிருந்து ஐந்தரை வரை. அந்த நேரத்தில் சூரியன் தாழ்ந்து, நேராக, ஒரு தடையும் இல்லாமல் உள்ளே வருகிறது. அதுவும் என்ன வெயில்! பங்குனி மாதத்து மதுரைக் காலை வெயிலை எந்தக் கதீட்ரலும் பார்த்திருக்காது. அடர் நீலக் கண்ணாடி தனக்குள் வரும் வெளிச்சத்தில் மிகக் குறைந்த பங்கைத்தான் வெளியே விடும், அப்படியிருந்தும் தரையில் அது மை கொட்டியதுபோலத் தெளிவாக விழுகிறது. அந்தத் திட்டு நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணாடித் துண்டின் நிறம், சூரியன் 20 டிகிரியில் இருக்கும்போது சுவரிலிருந்து இரண்டேமுக்கால் மீட்டர் தள்ளி விழும், 45 டிகிரிக்கு ஏறும்போது ஒரு மீட்டருக்கு வந்துவிடும். இவ்வளவும் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள். தொடக்கத்தில் நிமிடத்துக்கு மூன்று செ.மீ.க்கு மேல் ஓடுகிறது. நம்மோடு பேசிக்கொண்டிருப்பவரின் கால் விரலில் இருந்த சிவப்பு, பேச்சு முடிவதற்குள் நாற்காலிக் காலுக்குப் போயிருக்கும்.

கோலம் ஏன் விழவில்லை

இவ்வளவு நல்ல வெயில் கிடைக்கிற கிழக்கு அறை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்கு ஒரு சிக்குக் கோலம் செய்ய ஆசைப்பட்டேன். கோலம் தரைக்குரியது, அதனால் ஜன்னலில் இருக்கிற கோலம் தினமும் காலையில் தானாகவே தரையில் விழுந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசைதான். கண்ணாடித் துண்டுகளின் விளிம்பில் செப்பு ஃபாயிலைச் சுற்றி, உலோகம் பற்ற உதவும் ஃப்ளக்ஸ் தடவி, பற்றாசு எனப்படும் சால்டரை உருக்கி ஊற்றிச் சேர்ப்பது என் முறை. அப்படிச் சேர்க்கிற இடத்தில் ஐந்தாறு மி.மீ. அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு வரும். (சால்டரில் ஈயம் இருக்கிறது. பிள்ளைகள் இல்லாத அறையில், காற்றோட்டமாகச் செய்யுங்கள். கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.) அந்தக் கோடுகளையே கோல இழையாக வரைந்து, இடையில் மஞ்சள், பச்சை, நீலம் வைத்து முடித்தேன். ஜன்னலில் அருமையாக இருந்தது. புள்ளியைச் சுற்றி வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கி, கோல மாவில் போட்டதுபோலவே இருந்தது.

காலை வெயில் வந்தது. தரையில் நிறம் விழுந்தது, கோலம் விழவில்லை. கோடே இல்லை. மஞ்சளும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து ஏதோ ஈரத்துணியில் சாயம் பரவினது போலக் கிடந்தது. முதலில் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டேன். மேற்பரப்பில் மேடு பள்ளம் உள்ள கண்ணாடி வெளிச்சத்தைக் கலைத்துவிடும் என்பது தெரியும். வழவழப்பான கண்ணாடியில் சின்னதாக ஒன்று செய்து பார்த்தேன், அதுவும் அப்படித்தான். வெள்ளை அட்டை ஒன்றை பேனலுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. அட்டையைப் பின்னால் நகர்த்த நகர்த்தக் கோடு சாம்பலாகி, மெலிந்து, ஒரு கட்டத்தில் இல்லாமல் போனது. கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடிக்கும் தரைக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது. அது என்ன என்று வெகுநாள் புரியாமலே இருந்தது. இந்த வேலை செய்கிற ஒன்றிரண்டு பேரிடம் கேட்டேன். "யாரு அதையெல்லாம் பாக்குறா" என்பதுதான் கிடைத்த பதில்.

திண்டுக்கல், 2019 டிசம்பர் 26

விடை கிடைத்தது ஒரு புளிய மரத்தடியில். அன்றைக்குக் கங்கண சூரிய கிரகணம். முழு வளையமாகத் தெரியும் பாதை கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாகப் போனது. பார்க்க வேண்டும் என்று திண்டுக்கல் போயிருந்தோம். காலை ஒன்பதரை அளவில், சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி அட்டையை முகத்துக்கு நேரே பிடித்து அண்ணாந்து நின்றார்கள். நானும் பார்த்தேன். அட்டை ஒன்றுதான் இருந்ததால் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தேன். மரத்தடி முழுக்க வளையல் கொட்டிக் கிடந்தது. இலை இடுக்கு வழியாக விழுகிற ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் ஒரு வளையம். நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்று. என் செருப்பில், பக்கத்தில் நின்ற பையனின் வெள்ளைச் சட்டையில், நிறுத்தியிருந்த பைக்கின் சீட்டில்.

மரத்தடியில் விழும் வெளிச்சம் வட்டப் பொட்டாக இருப்பதை நாம் எல்லோரும் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். இலைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு ஒன்றும் வட்டமாக இருப்பதில்லை. புளிய இலை அவ்வளவு பொடி, அதன் சந்துகள் எல்லாம் கோணல் மாணல். அப்புறம் எப்படி வட்டம் வருகிறது? ஒவ்வொரு பொட்டும் சூரியனின் படம். ஊசித்துளைக் கேமரா என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். சூரியன் வட்டமாக இருக்கும்வரை இது கண்ணில் உறைக்காது. அன்றைக்குச் சூரியனே வளையமானதால், பொட்டெல்லாம் வளையமாகிக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அங்கே நிற்கும்போதே கோலத்துக்கு என்ன ஆனது என்று புரிந்துவிட்டது. சூரியன் ஒரு புள்ளி விளக்கு இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலத்துக்கு இருக்கும் ஒரு தட்டு. பேனலில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் தரையில் ஒரு புள்ளியாக விழாது, ஒரு சின்ன சூரியத் தட்டாக விழும். ஒரு கோட்டின் நிழல் என்றால் அத்தனை தட்டும் அக்கம்பக்கத்தில் வழிந்து கலந்த நிழல். பாடப்புத்தகத்தில் கருநிழல், புறநிழல் என்று மதிப்பெண்ணுக்காக வரைந்த படம் அவ்வளவு நாளும் எங்கள் வீட்டுத் தரையில் கிடந்திருக்கிறது.

கணக்கு ரொம்பச் சுலபம். சூரியன் தன் விட்டத்தைப்போல ஏறத்தாழ 108 மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆகவே வெளிச்சம் கண்ணாடியிலிருந்து எவ்வளவு தூரம் போகிறதோ, அதை 108ஆல் வகுத்தால் விளிம்பு எவ்வளவு கரையும் என்று வந்துவிடும். மீட்டருக்கு ஒன்பது மி.மீ. சொச்சம். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு துண்டிலிருந்து, 20 டிகிரி வெயிலில் கிளம்பும் வெளிச்சம் தரையைத் தொட 4.4 மீட்டர் போக வேண்டும். அங்கே கரைசல் நாலு செ.மீ. ஆறு மி.மீ. ஈயக்கோடு அதில் எங்கே நிற்கும்? ஷார்த்ர் மாதிரி இடங்களில் ஜன்னல்கள் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். புனிதர்களின் முகமும் உடை மடிப்பும் மேலேயே நின்றுவிட, கீழே கல்தரைக்கு வந்து சேர்வது நிறம் மட்டும்தான். தூரம் அப்படி.

கரைவதை வைத்தே வரைவது

இது தெரிந்த பிறகு நான் வரைகிற விதமே மாறிவிட்டது. முன்பு கோடு வரைந்து நிறம் நிரப்புவேன். இப்போது கோட்டை நம்புவதில்லை. தரையில் ஒரு வடிவம் தெரிய வேண்டும் என்றால், அதைக் கண்ணாடியின் அகலத்தால்தான் வரைய வேண்டும். கோல இழை ஆறு செ.மீ. அகலத் தெளிவுக் கண்ணாடியாக இருக்க வேண்டும், சுற்றி அடர் நிறம். அப்படியானால் ஒரு சாதாரண ஜன்னலில் மூன்று புள்ளிக் கோலத்துக்கு மேல் இடம் இல்லை. பரவாயில்லை, மூன்று புள்ளியும் அழகுதான். இன்னொன்று, எத்தனை மணிக்குச் சரியான வடிவத்தில் விழ வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். 45 டிகிரியில் மட்டும்தான் ஜன்னலில் இருக்கிற அதே நீளம் தரையிலும் கிடைக்கும். அதற்கு முன்னால் எல்லாமே இழுபட்டு விழும். எட்டரை மணிக்கு வட்டம் வட்டமாகத் தெரிய வேண்டும் என்றால் ஜன்னலில் அதைச் சப்பையாக வெட்ட வேண்டும். மாதமும் முக்கியம். ஆனியில் சூரியன் வடகிழக்கில் எழும், மார்கழியில் தென்கிழக்கில். ஒரே பேனலின் திட்டு ஒரு பருவத்தில் அறையின் தெற்கு மூலைக்கும் இன்னொரு பருவத்தில் வடக்கு மூலைக்கும் சாய்ந்துகொண்டு போகும்.

ஆனால் எனக்கு இதில் மிகப் பிடித்தது வேறு. நிறங்கள் கரைந்து கலக்கும் என்றால், கலக்கட்டுமே, நாமே கலக்கலாமே. சிவப்பும் பச்சையும் மாறி மாறி, இரண்டு செ.மீ. அகலத்தில் நெட்டுக்குத்தான பட்டைகளாக வெட்டிச் சேர்த்தேன். ஜன்னலில் பார்த்தால் வெறும் கோடு போட்ட துணி மாதிரிதான் இருக்கும். பார்க்கிறவர்கள் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. ஏழே முக்கால் மணிக்கு வெயில் தாழ்ந்து வரும்போது தரைக்குத் தூரம் அதிகம், கரைசல் நாலு செ.மீ., ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் சேர்ந்தால் அதுவும் நாலு செ.மீ. ஆகவே இரண்டும் ஒன்றாகி, தரையில் மஞ்சள் விழும்! பெயின்டில் சிவப்பையும் பச்சையையும் குழைத்தால் சேற்று நிறம்தான் வரும், வெளிச்சத்தில் கலந்தால் மஞ்சள் வரும். அந்த ஜன்னலில் மஞ்சள் கண்ணாடி ஒரு துண்டுகூட இல்லை. சூரியன் ஏற ஏறத் தூரம் குறையும், கரைசல் குறையும், ஒன்பதேகால் ஒன்பதரைக்கு இரண்டு செ.மீ. ஆகிவிடும். அதற்குள் மஞ்சள் மெல்லப் பிளந்து, ஓரத்தில் ஒரு சிவப்பு, அதன் பக்கத்தில் ஒரு பச்சை என்று பட்டைகள் எழுந்து வரும். எந்த மோட்டாரும் பல்பும் இல்லாமல், தினமும், வெயில் உள்ள நாளெல்லாம். சிவப்புக் கண்ணாடி வெளிச்சத்தைக் கஞ்சத்தனமாகத்தான் விடும் என்பதால் அதைக் கொஞ்சம் அகலமாகவும் பச்சையை ஒடுக்கமாகவும் வெட்ட வேண்டும், இல்லையென்றால் மஞ்சளில் பச்சை ஏறிவிடும்.

இதைச் செய்ய எல்லாக் கண்ணாடியும் உதவாது. அமெரிக்காவில் கண்ணாடிக் கலைஞர்களான ஜான் லா ஃபார்ஜும் டிஃபனியும் 1880 வாக்கில் புகழ்பெறச் செய்த, பால் கலந்ததுபோன்ற ஓபல் கண்ணாடி வெளிச்சத்தைத் தனக்குள்ளேயே சிதறடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எந்த நேரத்திலும் ஜன்னலிலேயே அழகாக நிற்கும், கண்ணும் கூசாது. தரைக்கு மட்டும் ஒன்றும் தராது. நிறமுள்ள, ஊடே பார்க்கக்கூடிய கண்ணாடி இதற்கு நேர் எதிர். தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் அறைக்குள் கொட்டிவிடும். இரண்டையும் அறிந்து ஒரே ஜன்னலில் பயன்படுத்தியவர் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ். தெற்குப் பிரான்சில், வான்ஸ் என்ற ஊரில் அவர் வடிவமைத்து 1951இல் திறக்கப்பட்ட சின்னத் தேவாலயத்தில் மூன்றே நிறம்: நீலம், பச்சை, மஞ்சள். நீலமும் பச்சையும் தெளிவாக இருக்க, மஞ்சளை மட்டும் மங்கலாக்கி, வெளியே இருப்பது அதன் வழியாகத் தெரியாதபடி வைத்தார். எதிர்ச் சுவரில் வெள்ளை ஓடுகள், கறுப்புக் கோட்டில் ஓவியம். தரையும் வெள்ளை. நிறம் என்று அந்த அறைக்குள் வருவதெல்லாம் ஜன்னலிலிருந்துதான் வருகிறது. வெளிச்சம் விழுவதற்கென்றே அறையை வெறுமையாக வைத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தரையின் நிறம்

இதைத்தான் நம் வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை. பழைய வீட்டின் சிவப்புச் சிமெண்ட் தரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் நீலத்துக்கு அது எமன். சிவப்புத் தரை சிவப்பைத்தான் திருப்பி அனுப்பும். நீல வெளிச்சம் அதன்மேல் விழுந்தால் அழுக்குத் திட்டாகத் தெரியும், பச்சையும் அப்படித்தான். அங்கே மஞ்சளும் சிவப்பும்தான் வேலை செய்யும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஏற்கெனவே பூவும் கட்டமும் இருக்கிறது, அதன்மேல் இன்னொரு வடிவத்தை விழவைத்தால் இரண்டும் சண்டை போடும். பளபளக்கும் டைல்ஸ் வெள்ளையாகவே இருந்தாலும் உதவாது, வெளிச்சத்தில் ஒரு பங்கைக் கண்ணாடி மாதிரி எதிரே தள்ளிவிடும். சுண்ணாம்பு பூசிய, பளபளப்பில்லாத வெள்ளைச் சுவருக்கு ஈடே இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் கதவுக்கு மேலே அரைவட்டமாக வண்ணக் கண்ணாடி பதித்திருப்பார்களே, காலையிலோ மாலையிலோ வெயில் நேராக வரும் பக்கத்தில் அப்படி ஒரு கதவு இருந்தால் அதற்கு எதிர்ச் சுவரைப் பாருங்கள். காரைக்குடியில் பழைய சாமான் கடைகளில் அந்தக் கதவுகளைத் தனியாகக் கழற்றி விற்கிறார்கள். வாங்கிப் போகிறவர்கள் ஓட்டலின் உள்சுவரில், பின்னால் எல்இடி வைத்து மாட்டுகிறார்கள். வெயில் படாத சுவரில் அதை மாட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. வாங்குகிறவர்கள் வெயில் வரும் ஒரு சுவரைத் தேடி அதில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், வேறொன்றும் வேண்டாம்.

இப்போது ஒரு தோழி வீடு கட்டுகிறாள். கிழக்கே பார்த்த கூடம், ஜன்னல் எனக்கு. கொத்தனாரோடும் இன்ஜினியரோடும் நடந்த பேச்சில் பாதி, சன்ஷேட் பற்றியது. மழை அடிக்கும், வேண்டாம் என்று விட முடியாது என்றார்கள், அது நியாயமும்கூட. கடைசியில் அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் சன்ஷேட் இல்லாமல், வெளிப்பக்கம் தெளிவான டஃபன்டு கண்ணாடி ஒன்று போட்டு, அதற்கு உள்ளே என் பேனல் என்று முடிவானது. ஆசாரி அண்ணன் அதற்கென்று இரட்டைப் பள்ளம் வைத்துச் சட்டம் இழைக்கிறார். தரைக்கு அவள் பழுப்பு டைல்ஸ் பார்த்து வைத்திருந்தாள். ஜன்னலிலிருந்து மூன்று மீட்டர் வரைக்கும் மட்டுமாவது பளபளப்பில்லாத வெள்ளை போடு என்று சொல்லியிருக்கிறேன். "புள்ளைங்க நடந்தா அழுக்கு தெரியும்டி" என்கிறாள். தெரியத்தான் செய்யும், தினம் துடைக்க வேண்டியிருக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் டைல்ஸ் கடைக்கு இரண்டு பேருமாகப் போகிறோம். சிவப்பிலும் பச்சையிலும் ஒரு சின்னத் துண்டைக் கையோடு எடுத்துப் போய், கடை வாசல் வெயிலில், அவள் தேர்ந்தெடுக்கிற ஒவ்வொரு டைல்ஸ் மேலும் பிடித்துக் காட்டப்போகிறேன்.